வென்றவர் கணக்கில் இல்லாத பெயர்கள்: இறப்பர்த் தோட்டங்களும் இரண்டாம் உலகப் போரும்

(வரக்காப்பொலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போரில் வெற்றியைத் தருவது எது? வீரமா, படைத்தலைவனின் மதியா, ஆயுதமா, அந்த ஆயுதத்தை இரவு பகலாகச் செய்து தள்ளும் ஆலையா? வரலாற்று மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் கடைசி விடையையே சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்களில் எஃகும் எண்ணெயும் கப்பலும் யாரிடம் மிகுந்திருந்தனவோ அவர்களே வென்றார்கள். நானும் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த விடை பாதியிலே நின்றுவிடுகிறது. தொழில்வலு என்று நாம் சொல்வது டெட்ராயிட்டிலோ பேர்மிங்ஹாமிலோ தொடங்கவில்லை. அது கேகாலை மலைச்சரிவில், விடியுமுன் மரத்தடியில் குனிந்து நின்ற ஒரு பெண்ணின் கையில் தொடங்கியது. ஆலை வென்றது. அவளுக்கு என்ன ஆயிற்று? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் இந்த வீதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு முன்னால் ஓடும் கொழும்பு - கண்டி வீதி 1820-களில் ஆங்கிலேயர் போட்டது. எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது, கண்டி நாட்டுக் குடியானவர்களை இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடித்து வேலை வாங்கிப் போட்டார்கள். ஏன் அவ்வளவு அவசரமாகப் போட்டார்கள் என்பதற்கும் நம் பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கண்டி இராச்சியத்திடம் துப்பாக்கி இருந்தது; பீரங்கியும் ஓரளவு இருந்தது. ஐரோப்பியரிடம் இருந்த கப்பற்படையும் வார்ப்பாலையும் அதனிடம் இல்லை. அப்படியிருந்தும் 1638 மார்ச்சில் கன்னொருவையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1803-இல் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து ஒரு படையும் திருகோணமலையிலிருந்து ஒரு படையுமாகக் கண்டிக்குள் நுழைந்தார்கள். நகரம் வெறுமையாகக் கிடந்தது. சில மாதங்களில் காய்ச்சல் படையைத் தின்றது. மலைப்பாதையில் அரிசியும் மருந்தும் வந்து சேரவில்லை. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார், அவர் படை வெட்டுண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கண்டி சண்டையே இல்லாமல் விழுந்தது. சபரகமுவையின் திசாவையாக, அதாவது மாகாண அதிபதியாக, இருந்த எகலப்பொலை அரசனோடு முரண்பட்டு ஆங்கிலேயர் பக்கம் போனதும், பிரதானிகள் பலர் கைவிட்டதும்தான் 1815-ஐ 1803-இலிருந்து வேறாக்கின. ஆயுத மேன்மை இரண்டு முறையும் ஒன்றேதான். உள்வீடு பிளந்தபோதுதான் அது பலித்தது.

இந்தப் பாடத்தை ஆங்கிலேயர் நன்றாகப் படித்தார்கள். காட்டுக்குள் படை பட்டினி கிடக்கக் கூடாது என்றால் வண்டி போகும் வீதி வேண்டும். அதனால் வந்ததுதான் இந்த வீதி. படைக்காகப் போட்ட வீதியில் கோப்பி வந்தது, தேயிலை வந்தது, கடைசியில் இறப்பர் வந்தது.

இறப்பர் இந்த நாட்டு மரமன்று. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசன் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சொற்பம். அவற்றில் 1,900 கன்றுகள் அளவில் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. நமக்கு மேற்கே, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். இரு தசாப்தங்கள் அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு மோட்டார் வண்டி வந்தது. காற்றடைத்த டயருக்கு டன்லப் 1888-இல் காப்புரிமை பெற்றிருந்தார். 1910-இல் இலண்டனில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை 12 சிலிங்கைத் தாண்டியது. தேயிலைக்கு உயரம் போதாத, ஆனால் மழை நிறையப் பெய்கிற களனிப் பள்ளத்தாக்கும் கேகாலையும் இரத்தினபுரியின் தாழ்சரிவுகளும் சில ஆண்டுகளில் இறப்பர்க் காடாயின. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். அந்தக் காட்டுக்குள் லயங்கள் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் எழுந்தன. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த நம் முன்னோர் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார்கள்.

எல்லா மரத்தையும் தமிழர்தான் வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. சிறுதோட்டக்காரச் சிங்கள விவசாயிகளும், தோட்டங்களுக்கு நாள்வேலைக்கு வந்த கிராமத்து மக்களும் இந்த மாவட்டத்தில் ஏராளம். நான் சொல்லப்போகும் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கதையின் கடைசிப் பகுதி நமக்கு மட்டுமே நேர்ந்தது.

ஒரு போருக்கு இறப்பர் எவ்வளவு அவசியம் என்பதை உலகம் முதலில் ஜெர்மனியிடம்தான் கண்டது. முதல் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. இறப்பர் வரவில்லை. 1916-இல் டொய்ச்லாந்து என்ற சரக்கு நீர்மூழ்கியை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சில நூறு தொன் இறப்பரைக் கடலடியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்றால் தட்டுப்பாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரசாயன அறிஞர்கள் மெதைல் இறப்பர் என்ற மாற்றைச் செய்தார்கள். போர் முடியும்வரை செய்ய முடிந்தது ஏறத்தாழ 2,500 தொன். தரமும் மட்டம். ஜெர்மன் நகரங்களில் சைக்கிள்கள் டயருக்குப் பதிலாக இரும்புச் சுருள்களின் மேல் ஓடின. அதே போரில் நம் மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும் அயற்சுரங்கங்களிலும் வெட்டிய காரீயம் எஃகு உருக்கும் மூசைகளுக்காகக் கப்பலேறியது. சுரங்கமும் மரமும் ஒரே மாவட்டத்தில். உருக்காலையும் டயர் ஆலையும் கடலுக்கு அப்பால்.

இனி 1941-க்கு வருவோம். டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் கரையேறினார்கள். 1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் சரணடைந்தன. அதே மாதம் ரங்கூனும் போயிற்று. மூன்று மாதத்தில் உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஜப்பான் கைக்குப் போய்விட்டது. அமெரிக்காவின் கையிருப்பு ஓர் ஆண்டுத் தேவைக்கும் போதாது. புத்தாண்டு பிறந்த முதல் வாரத்திலேயே அங்கு டயருக்குப் பங்கீடு வந்தது. ஜூன் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, வீட்டிலுள்ள பழைய செருப்பு, மழைச்சட்டை, தோட்டக்குழாய் எல்லாவற்றையும் பெற்றோல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். ஆண்டுக் கடைசியில் நாடெங்கும் பெற்றோலுக்கும் பங்கீடு வைத்தார்கள். பெற்றோல் பற்றாமல் அன்று. வண்டிகள் ஓடினால் டயர் தேயும் என்ற பயத்தில். உலகின் மிகப் பெரிய தொழில்நாடு தன் டயர்த் தேய்மானத்தை எண்ணிக் கலங்கியது. 

அந்நேரம் நேச நாடுகளின் கையில் மிஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கை.

ஜப்பானுக்கும் இது தெரியும். ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் படை கொழும்பைக் குண்டுவீசித் தாக்கியது. அன்றே கோர்ன்வோல், டோர்செட்சயர் என்ற இரண்டு பிரித்தானியக் கனரகப் போர்க்கப்பல்கள் மூழ்கின. 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கொழும்பு பாதி வெறிச்சோடியது. துறைமுகத் தொழிலாளர்கள் ஓடினார்கள். அந்த வாரத்தில் ஒருவர் இந்து சமுத்திரத்தைப் பார்த்திருந்தால் வெற்றி ஜப்பானுக்கே என்று எழுதிவைத்திருப்பார்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகள் அக்காகி, சோர்யு, ஹிர்யு, ஷோக்காக்கு, சுய்க்காக்கு. முதல் மூன்றும் இரண்டே மாதத்தில், ஜூன் 1942-இல், மிட்வே தீவுக்கு அருகே மூழ்கின. மற்ற இரண்டும் 1944-இல் மூழ்கின. இழந்த கப்பலுக்கு ஈடாக இன்னொன்றைச் சரியான காலத்தில் கட்ட ஜப்பானால் முடியவில்லை. அமெரிக்காவோ எசெக்ஸ் வகைப் பெருங்கப்பல்களை மட்டும் போர் முடிவதற்குள் 17 இறக்கிவிட்டது. 1944-இல் அமெரிக்க ஆலைகள் செய்த விமானங்கள் 96,000 அளவில். ஜப்பானுடையவை 28,000 அளவில். மிட்வேயில் அதிர்ஷ்டம் விளையாடியது உண்மைதான். ஆனால் அங்கே ஜப்பான் வென்றிருந்தாலும், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கடலில் எதிரே வந்து நின்றிருக்கும் கப்பல்களின் தொகை மாறியிருக்காது. இதை ஜப்பானியத் தளபதி யமமோத்தோ முன்னரே அறிந்திருந்தார். அமெரிக்காவில் படித்து, அந்நாட்டின் ஆலைகளையும் எண்ணெய் வயல்களையும் கண்ணால் கண்டவர் அவர்.

சரி, இறப்பர் மரங்களில் பத்தில் ஒன்பது பங்கு ஜப்பானிடம் இருந்ததே, அதை வைத்து ஏன் வெல்லவில்லை? இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மரத்தில் பால் இருந்து என்ன பயன்? அதைத் தாய்நாட்டுக்கு ஏற்றிச்செல்லக் கப்பல் வேண்டும். டயராக்க ஆலை வேண்டும். டயர் பூட்ட வண்டி வேண்டும். வண்டி ஓட எண்ணெய் வேண்டும். போர் தொடங்கியபோது ஜப்பானிடம் ஏறத்தாழ 60 இலட்சம் தொன் வணிகக் கப்பல் இருந்தது. அமெரிக்க நீர்மூழ்கிகள் அவற்றைத் தேடித் தேடி மூழ்கடித்தன. போர் முடியும்போது மூன்றில் ஒரு பங்கும் மிஞ்சவில்லை. மலாயாவின் தோட்டங்கள் பால் வெட்ட ஆளின்றி, வெட்டினாலும் வாங்க ஆளின்றிக் கிடந்தன.

அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் யார்? நம் ஆட்கள். இங்கே கண்டிச் சீமைக்கு ஒரு தம்பி வந்தான் என்றால் அங்கே பினாங்குக்கு ஒரு அண்ணன் போயிருந்தான். வேலையில்லாமல் போன அந்த மலாயாத் தமிழர்களை ஜப்பானிய இராணுவம் சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீற்றர் பாதை, 1943 ஒக்ரோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அவர்களில் பெருந்தொகையானவர்கள் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் பசியிலும் செத்த அவர்களுக்குப் பெரும்பாலும் குழியில்லை, கல்லில்லை. அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து சுபாஷ் சந்திர போசின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. ஜான்சி ராணி படைப்பிரிவில் துப்பாக்கி ஏந்திய தோட்டத்துப் பெண்களும் உண்டு.

இங்கே நிலைமை நேர்மாறு. அங்கே மரம் சும்மா நின்றது. மனிதரைத் தண்டவாளத்துக்கு இழுத்தார்கள். இங்கே மனிதரை மரத்தோடு கட்டி, மரத்தைச் சாகும்வரை வெட்டினார்கள்.

பால்வெட்டைத் தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மரப்பட்டையில் சாய்வாக, மெல்லிய சீவலாக ஒரு வெட்டு. மரத்தின் பாதிச் சுற்றுக்குமேல் போகக்கூடாது. கத்தி உள்மரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஒருநாள் வெட்டினால் ஒருநாள் ஓய்வு. வெட்டிய பட்டை மீண்டும் வளர்ந்து வெட்டுக்குத் தயாராக ஆறேழு ஆண்டுகள் செல்லும். நல்ல கை என்றால் மரம் முப்பது ஆண்டு பால் தரும். விடியுமுன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை. வெட்டில்லையென்றால் பல தோட்டங்களில் பேரும், அதாவது அன்றைய கூலிப் பதிவும், இல்லை.

போர் இந்த ஒழுங்கையெல்லாம் மாற்றியது. அதற்குமுன், 1934 முதல், சர்வதேச இறப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கையால் விலை விழாமலிருக்க உற்பத்தியைக் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். 1942-இல் கட்டளை தலைகீழானது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு பால். வயதான மரங்களை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று அரசே சொன்னது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் கொலைவெட்டு. இரண்டு பக்கமும் வெட்டு, மேலேயும் கீழேயும் வெட்டு, ஏணி வைத்துக் கிளை பிரியும் இடம்வரை வெட்டு. ஓய்வுநாள் இல்லை. விளைந்த இறப்பர் முழுவதையும் பிரித்தானிய வழங்கல் அமைச்சு நிர்ணயித்த விலைக்கு வாங்கியது. அதுமுதல் போர் முடியும்வரை இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் இறப்பர் கொடுத்தது. நேச நாடுகளுக்குப் புதிதாகக் கிடைத்த இயற்கை இறப்பரில் அதுவே பெரும்பங்கு.

ஒரு இலட்சம் தொன் என்றால் எதற்குப் போதும்? அமெரிக்காவின் ஷேர்மன் டாங்கி ஒன்றுக்கு அரை தொன் அளவு இறப்பர் போனது. அக்காலத்து விதைக்கன்று மரங்கள் ஓர் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 400 இறாத்தல் அளவில்தான் தந்தன. அப்படியானால் ஒரு டாங்கிக்குக் கேகாலையில் ஏறக்குறைய மூன்று ஏக்கர் மரத்தின் ஓராண்டுப் பால். ஷேர்மன் டாங்கிகள் மொத்தம் 49,000-க்கு மேல் செய்தார்கள்.

அமெரிக்கா செயற்கை இறப்பர் செய்துவிட்டதே, பிறகு நம் பால் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1942 செப்டெம்பரில் பெர்னார்ட் பாரூக் குழுவின் அறிக்கை வந்தது. பெற்றோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் இறப்பர் செய்ய அரசுப் பணத்தில் ஆலைகள் முளைத்தன. 1941-இல் சில ஆயிரம் தொன்னாக இருந்த உற்பத்தி 1945-இல் ஏழு இலட்சம் தொன்னைத் தாண்டியது. தொழில்வலு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது; இல்லாத காட்டை மூன்று ஆண்டில் ஆலைக்குள் வளர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தச் செயற்கை இறப்பர் பாரம் தாங்கி உருளும்போது அதிகமாகச் சூடேறும். சிறிய காருக்கு அது போதும். பாரமேற்றும் லொறிக்கும் தரையில் மோதி இறங்கும் விமானத்துக்கும் இயற்கை இறப்பர் கலந்தே ஆகவேண்டும். அந்தக் கலவைக்கான பால்தான் இங்கிருந்து போனது. 1944-இல் ஜப்பானியப் படை இம்பாலை முற்றுகையிட்டுப் பட்டினியில் சிதைந்தபோது, முற்றுகைக்குள் இருந்த படைக்கு டக்கோட்டா விமானங்கள் உணவும் குண்டும் கொண்டுபோய் இறங்கின. ஜப்பானியருக்கு அப்படி வழங்க ஒன்றுமில்லை. அந்த முற்றுகை உச்சத்தில் இருந்த ஏப்ரலில்தான் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றினார். கண்டிக்குப் போகும் படைவண்டிகள் வரக்காப்பொலையைக் கடந்துதான் போக வேண்டும்.

ஜெர்மனியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதையும் மறக்கக்கூடாது. அவர்கள் இம்முறை பூனா என்ற செயற்கை இறப்பரை ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் செய்தார்கள். போதாதென்று அவுஷ்விட்ஸ் முகாமின் பக்கத்தில் மொனோவிட்ஸில் பேராலை ஒன்றைக் கைதிகளைக் கொண்டு கட்டினார்கள். பல்லாயிரம் பேர் அங்கே செத்தார்கள். அந்த ஆலையிலிருந்து ஓர் இறாத்தல் இறப்பர்கூட வெளிவரவில்லை.

போர் நம் அடுப்படிக்குள்ளும் வந்தது. பர்மா போனதும் அரிசி போனது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. லயத்துக் காலைச் சாப்பாடாக ரொட்டி நிலைத்தது அந்தக் காலத்தில்தான். இன்று நம் பிள்ளைகள் தோட்டத்து ரொட்டி என்று ஆசையாய்ச் சொல்வதற்குப் பின்னால் ரங்கூனின் வீழ்ச்சி இருக்கிறது. ஆளணியும் சுருங்கியிருந்தது. 1939 ஓகஸ்ட் முதலாம் தேதி தொடக்கம் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்திருந்தது. ஆகவே இருந்த கைகளே இருமடங்கு வெட்டு வெட்டின.

அமேசன் காட்டில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவின் வேண்டுகோளுக்கிணங்கப் பிரேசில் அரசு, வறட்சியில் வாடிய வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 55,000 பேரைக் காட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்கு "இறப்பர் சிப்பாய்கள்" என்று பெயர் வைத்தது. காய்ச்சலிலும் பட்டினியிலும் அவர்களில் பெருந்தொகையானவர்கள் மாண்டார்கள். அவர்கள் எடுத்த இறப்பர் இலங்கை கொடுத்ததைவிட மிகக் குறைவு. மிஞ்சியவர்கள் பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தார்கள். ஆனால் 1988-இல் பிரேசில் எழுதிய புதிய அரசியலமைப்பு, வறுமையிலிருந்த இறப்பர் சிப்பாய்களுக்கு மாதம் இரண்டு குறைந்தபட்சச் சம்பளம் ஓய்வூதியமாக வழங்க வேண்டும் என்று விதித்தது. தாமதமான நீதிதான். ஆனால் நாட்டின் அரசியலமைப்பே அவர்களைச் சிப்பாய் என்று ஏற்றுக்கொண்டது.

நமக்கு என்ன கிடைத்தது? போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், இந்தக் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு எடுத்துக்கொண்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள்; அத்துமீறிக் குடியிருப்பதாக அவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தத்தில் தோட்டங்கள் பல இறங்கின. நிலமில்லாத கிராமத்து மக்களுக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. அந்த நிலத்தை இவர்களுடைய லயத்துக்கு அடியிலிருந்து எடுத்ததில்தான் அநியாயம். 1948-இல் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. கொலைவெட்டு வெட்டிய கைகள் மூன்றாண்டுக்குள் நாடற்ற கைகளாயின.

1952-இல் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரியப் போர் காரணமாகச் சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்ற தடை இருந்தது. அந்தப் போரால் ஏறிய இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது; அரிசியோ விலை ஏறிக் கிடைக்காமல் இருந்தது. டட்லி சேனாநாயக்காவின் அரசில் வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனாநாயக்கா டிசம்பரில் பீக்கிங் போய் ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவது, ஐந்தாண்டுக்கு. அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தது. சின்னஞ்சிறு நாடொன்று வல்லரசின் மிரட்டலுக்கு அஞ்சாமல் தன் மக்களுக்குச் சோறு தேடிய அந்தத் துணிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆலையில்லாத நாட்டுக்கும் ஒரு பிடி உண்டு என்று அது காட்டியது. அந்த ஏற்பாடு 1982 வரை தொடர்ந்தது. கொலைவெட்டில் அழிந்த மரங்களுக்குப் பதிலாக மறுநடுகைக்கு மானியம் 1953-இல் தொடங்கியது. மரத்துக்கு மானியம் வந்தது. அந்த இறப்பரை வெட்டிக்கொடுத்து நாட்டுக்கே அரிசி வாங்கித் தந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்போது வாக்கு இல்லை.

பின்னால் 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததையும், கேகாலை இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களையும் இங்குள்ள பெரியவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று 1988-இல் வந்தது. பிரேசில் தன் இறப்பர் வெட்டியவர்களுக்கு ஓய்வூதியம் எழுதிய அதே ஆண்டு. மிச்சமிருந்தவர்களுக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நாட்டில் 2009 மே மாதம் முடிந்த போரைப் பற்றி நான் ஏன் பேசவில்லை என்று சிலர் எண்ணலாம். அதிலும் கடல்வழி அடைபட்டது, ஆயுதக் கப்பல்கள் ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன, ஆள்தொகையும் பீரங்கியும் ஒரு பக்கம் மிகுந்தன. ஆனால் அங்கே இறந்த மக்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. அதை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை.

நான் வலியுறுத்துவது இதுதான். 1945-இன் வெற்றியை வாஷிங்டனின் ஆலைகளுக்கும் மாஸ்கோவின் படைகளுக்கும் இலண்டனின் பொறுமைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதட்டும், அவர்களுக்கு உரியதுதான். கொழும்பு லிவரமெந்து கல்லறையிலும் திருகோணமலைக் கல்லறையிலும் போரில் மாண்ட சிப்பாய்களுக்குக் கல் இருக்கிறது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் அவற்றை அழகாகப் பராமரிக்கிறது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அந்த நான்கு ஆண்டுகள் பால் வெட்டியவர்களுக்கு எங்கும் ஒரு கல் இல்லை. பாடநூலில் ஒரு பந்தி இல்லை. நம் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்கு இரண்டாம் உலகப் போரைப் படிக்கிறார்கள். தங்கள் பூட்டி வெட்டிய பால் அந்தப் போருக்குப் போனது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே இங்குள்ள ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய தோட்டங்கள் சிலவற்றில் அந்தக் காலத்துச் செக்ரோல் என்ற வரவுப் பதிவுப் புத்தகங்களும் ஸ்டோர்க் கணக்குகளும் இன்னும் கிடக்கலாம். எந்த நாள் யாருக்குப் பேர் விழுந்தது, எத்தனை இறாத்தல் பால் வந்தது என்பதெல்லாம் அவற்றில் பெயரோடு இருக்கும். தோட்டக் காணி கை மாறும்போதும் கட்டடம் இடிக்கும்போதும் அவை கறையானுக்கும் குப்பைத் தீக்கும் போகின்றன. உங்கள் தோட்டத்து அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். படம் எடுக்க விட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். எறியப் போகிறார்கள் என்றால் கைகூப்பி வாங்கிவந்து உங்கள் பாடசாலை நூலகத்திலோ தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ சேருங்கள். வீட்டில் எண்பதைக் கடந்த ஆயாவோ அப்பச்சியோ இருந்தால், அந்த யுத்த காலத்தைப் பற்றித் தாங்கள் கண்டதையும் பெற்றோர் சொல்லக் கேட்டதையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.